யானை வேண்டாம், முயல் போதும்: கற்றுக்குட்டி அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பக்கத்து அறையில் பிரியாணி வாசம் கிளம்பிய பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் டல்லாஸ் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். எனக்குக் கொடுத்தது எட்டு நிமிஷம். அதில் அரை நிமிஷம் மைக்கை என் உயரத்துக்கு இறக்குவதிலேயே போய்விட்டது. அதனால் வணக்கம் இவ்வளவுதான்.

தலைப்பு என்ன? தீபாவளிச் சீட்டுக் கச்சேரியில் நாம் தேட வேண்டிய எதிராளி கெட்டிக்காரரா, கற்றுக்குட்டியா? ஊரில் சீட்டுக் கச்சேரி என்றால் ரம்மி. இங்கே வந்த பிறகு போக்கர். அதிலும் நாம் ஆடுகிற ஹோல்டம் இந்த மாநிலத்துச் சரக்கு. ராப்ஸ்டவுன் என்கிற சின்ன ஊர்தான் அதன் பிறந்த வீடு என்று டெக்சஸ் சட்டமன்றமே 2007-ல் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு நடுவில் எல்லோருக்கும் பொது. நல்ல ஐந்து யாருக்கு அமைகிறதோ பணம் அவருக்கு. இல்லையென்றால், மற்றவர்களை யார் பயமுறுத்தி எழுப்பிவிடுகிறாரோ அவருக்கு. வீட்டுக்குள் ஆடி, மேசைக் காசு என்று யாரும் தனியாக எடுக்காவிட்டால் சட்டமும் கண்டுகொள்ளாது. முன்வரிசை வக்கீல் அண்ணன் நிம்மதியாக உட்காரலாம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி என்ன சொன்னார்? "கற்றுக்குட்டியைத் தேடிப் பிடித்து ஆடுகிறவர், கிண்டர்கார்டன் வாசலில் நின்று மல்யுத்தத்துக்கு ஆள் கூப்பிடுகிறவர்" என்றார். கைதட்டினீர்கள். என் மனைவி எல்லோருக்கும் மேலே தட்டினார், அதையும் பார்த்தேன். அதோடு விட்டாரா? வள்ளுவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"கான முயலெய்த அம்பினில் யானை
பிழைத்தவேல் ஏந்தல் இனிது."

காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட, யானைமேல் எறிந்து குறி தப்பிய வேலைப் பிடித்திருப்பது பெருமையாம். பெருமைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். வேல் தப்பிவிட்டது. சரி. அப்புறம் யானை என்ன செய்தது? யானை "பரவாயில்லை, நல்ல முயற்சி" என்று சொல்லிவிட்டுப் போகுமா? அதே அதிகாரத்தில் இரண்டு குறள் தள்ளி ஒருவன் வருகிறான். கைவேலை யானைமேல் விட்டுவிட்டான், கையில் ஒன்றும் இல்லை. தன் உடம்பில் பாய்ந்து நிற்கும் வேலைப் பிடுங்கிச் சிரிக்கிறான். அவன் சிரிக்கலாம் ஐயா. அவனுக்கு ஃபிரிஸ்கோவில் முப்பது வருஷ வீட்டுக் கடன் இல்லை.

சகோதரி படித்தது படைச்செருக்கு. போருக்குப் போகிறவனை உசுப்பேற்றுகிற அதிகாரம் அது. யாரோடு மோதலாம் என்று உட்கார்ந்து யோசிக்கிறவனுக்கு வள்ளுவர் வேறு அதிகாரம் வைத்திருக்கிறார். பகைமாட்சி, முதல் குறள்.

"வலியார்க்கு மாறேற்றல் ஓம்புக ஓம்பா
மெலியார்மேல் மேக பகை."

வலியவனோடு மோதாதே, மெலியவன் கிடைத்தால் விடாதே. நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார். ஐந்து நாள் லீவு போட்டுத் தேடினாலும் போக்கருக்கு இதைவிடத் தெளிவாக ஒரு வரி கிடைக்காது. கிண்டர்கார்டன் வாசலில் இப்போது யார் நிற்கிறார் என்று நடுவர் பார்த்துக்கொள்ளட்டும். என்னோடு வள்ளுவரும் நிற்கிறார்.

தருமரை எடுத்துக்கொள்ளுங்கள். தருமர் சூதாடியது தப்பு என்று எல்லோரும் சொல்கிறோம். அதைவிடப் பெரிய தப்பு, துரியோதனன் "எனக்குப் பதிலாக மாமா ஆடுவார்" என்று சொன்னபோது எழுந்து போகாதது. எதிரில் வந்து உட்கார்ந்தது யார்? சகுனி. துரியோதனனே ஆடியிருந்தால் மகாபாரதம் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

தருமர் பழைய கதை என்பீர்கள். நம் ஊர்க்காரரைச் சொல்கிறேன். இதே டல்லாஸில் வங்கி நடத்துகிறவர், பெயர் ஆண்டி பீல். பெயர்தான் ஆண்டி, ஆள் கோடீஸ்வரர். கணக்கில் பெரிய புலி. அவர் பெயரில் ஒரு கணக்குப் புதிரே இருக்கிறது, விடை சொன்னால் பத்து லட்சம் டாலர் பரிசு. அவருக்கும் நம் எதிரணி மாதிரி ஓர் ஆசை வந்தது. 2001-ல் லாஸ் வேகாஸ் போய், உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர்கள் யாரோ அவர்களைக் கூப்பிடு, ஒண்டிக்கு ஒண்டி ஆடுவோம் என்றார். அவர்களும் வந்தார்கள். எப்படி? ஒருவரிடம் அவ்வளவு பணம் இல்லாததால் சீட்டுக்கம்பெனி மாதிரி கூட்டாகப் பணம் போட்டு, முறை வைத்து வந்தார்கள். பந்தயம் ஒரு லட்சம், இரண்டு லட்சம் டாலர் வரை ஏறியது. ஆண்டி சும்மா உட்காரவில்லை. கணினியில் நிரல் எழுதிப் படித்தார், கறுப்புக் கண்ணாடி போட்டார், காதை அடைத்துக்கொண்டார். நடுவில் சில நாள் கோடி கோடியாக ஜெயித்ததும் உண்டு, மறைக்கவில்லை. கடைசியில் 2006 பிப்ரவரியில் ஃபில் ஐவி என்பவர் எதிரில் உட்கார்ந்தார். மூன்றே நாள். 16 மில்லியன் டாலருக்கு மேல் போயிற்று. யானைமேல் வேல் எறிந்த பெருமை அவருக்கு இருக்கிறது. அவர் தாங்குவார், வங்கி வைத்திருக்கிறார். நம்மிடம் இருப்பது வங்கிக் கணக்கு.

அதற்குள் எதிரணியில் ஒரு தம்பி "மணிமேக்கர், மணிமேக்கர்" என்று குரல் கொடுக்கிறார். தெரியும் தம்பி. கிறிஸ் மணிமேக்கர், டென்னசிக்காரர், கணக்கு எழுதுகிற வேலை, 2003 உலகப் போட்டியில் பெரிய பெரிய கைகளை எல்லாம் தாண்டி 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அன்றைக்கு ஆடியது 839 பேர். மிச்சம் 838 பேரில் உங்களுக்கு எத்தனை பேர் பெயர் தெரியும்? அதை விடுங்கள். மூன்று வருஷத்தில், 2006-ல், அதே போட்டிக்கு 8773 பேர் வந்தார்கள். அவரால் முடிந்தது நம்மாலும் முடியும் என்று கிளம்பி வந்த கற்றுக்குட்டிகள். கெட்டிக்காரர்கள் அழுதார்களா? கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். மேசைக்கு வருகிற பணம்தானே மேசையை விட்டுப் போக முடியும்? உலகத்தில் பத்தாவது பெரிய ஆட்டக்காரர், முதல் ஒன்பது பேரோடு உட்கார்ந்தால் அந்த மேசையில் ஏமாளி அவர்தான்.

சரி, இப்போது என் சொந்தக் கதை. இதற்காகத்தான் மைக்கைப் பிடித்தேன்.

போன வருஷம் எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், கும்பகோணத்திலிருந்து ஆறு மாதம் வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் ஆட்டம். ஐந்து பேர், ஆளுக்கு இருபது டாலர். அன்றைக்கு ஓர் ஆள் வரவில்லை. நான் என் கொள்கைப்படி யோசித்தேன். கற்றுக்குட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது வெளியே ஏன் தேட வேண்டும்? "அத்தை, நீங்களும் வாங்க, சிப்ஸ் எடுத்துக்கோங்க" என்றேன். "எண்ணெய்ப் பண்டம் எனக்கு ஒத்துக்காது மாப்பிள்ளை" என்றார்கள். நான் சொன்னது காசுக்குப் பதிலாகக் கட்டுகிற போக்கர் வில்லையை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இப்படி ஓர் எதிராளி அமைய முன்ஜென்மத்தில் என்ன புண்ணியம் செய்தேனோ!

சீட்டுப் போட்டாயிற்று. அத்தையின் முதல் கேள்வி: "இதுல ஜோக்கர் எது மாப்பிள்ளை?" ஜோக்கர் கிடையாது அத்தை என்றேன். நம்பவில்லை. ஒவ்வொரு கைக்கும் கேட்டார்கள்.

ஒன்பதரை மணி இருக்கும். என் கையில் ஏழும் இரண்டும், வேறு வேறு ஜாதி. போக்கரில் இதைவிட மட்டமான கை கிடையாது. ஆனால் நடுவில் விழுந்தது என்ன? ஆஸ், ராஜா, ஜாக்கி, ஒன்பது, நாலு. பார்த்தாலே பயம் வரும். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு என் முன்னால் இருந்த அத்தனையையும் நடுவில் தள்ளினேன். இரண்டு பேர் உடனே சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். என் நண்பர் ஒருவர், தினமும் கணினியில் போக்கர் படிக்கிறவர், கையில் ராஜா வைத்திருந்தார். ராஜா ஜோடி! ஐந்து நிமிஷம் கூரையைப் பார்த்தார், கணக்குப் போட்டார், பெருமூச்சு விட்டார், கவிழ்த்துவிட்டார். மிச்சம் அத்தை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தன் சிப்ஸை ஒவ்வொன்றாக, வெற்றிலை எண்ணுவது மாதிரி எண்ணி, முழுவதையும் நடுவில் நகர்த்தினார்கள். திறந்தால் கையில் நாலும் ஆறும். நாலு ஜோடி!

நடுவர் அவர்களே, அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்கிறேன், என் மனசு ஆறவில்லை. ராஜா ஜோடி ஓடிவிட்டது. நாலு ஜோடி உட்கார்ந்திருக்கிறது. ஜெயித்தது நாலு. "அத்தை, எந்தத் தைரியத்துல வந்தீங்க?" என்று கேட்டேன். என்ன பதில் தெரியுமா?

"மாப்பிள்ளை நீங்க வந்திருக்கும்போது நான் மட்டும் எழுந்து போனா மரியாதையா இருக்குமா?"

மரியாதைக்கு வந்திருக்கிறார்கள்! மரியாதைக்கு வந்து என் இருபது டாலரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

எதிரணி இப்போது துள்ளும்: பார்த்தீர்களா, கற்றுக்குட்டியிடம் தோற்றார்! ஆமாம் தோற்றேன். ஆனால் படித்தேன். பொய்ப் பந்தயம் புத்திசாலியிடம்தான் செல்லும். எழுந்து போகத் தெரியாதவரை யாராலும் பயமுறுத்த முடியாது. அவரிடம் பொறுமையாக நல்ல சீட்டுக்குக் காத்திருந்து, வந்ததும் தைரியமாகக் கட்ட வேண்டும். இதைப் புத்தகம் போட்டு விற்கிறார்கள். எனக்கு இருபது டாலருக்குக் கும்பகோணமே வந்து சொல்லிக் கொடுத்தது.

அதன் பிறகு அத்தை ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் ஜெயித்த காசைப் போட்டு வைப்பார்கள். எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தும் சீட்டைக் கவிழ்க்கவே மாட்டார்கள். எந்தக் கை வந்தாலும் கடைசி வரை. பாதி நாள் தோற்பார்கள், கவலையே இல்லை. ஒரு நாள் எல்லோரும் போன பிறகு, நான் சிப்ஸைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். சும்மாதான் கேட்டேன். "அத்தை, கை நல்லா இல்லைன்னா வெச்சிடலாமே, ஏன் காசை விடறீங்க?"

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரு நிமிஷம்.

அத்தை மேசைத் துணியைத் தட்டிக்கொண்டே சொன்னார்கள். "மத்தியானம் ஆனா நானும் உங்க மாமாவும் திண்ணையில ரம்மி போடுவோம். அவர் எப்பவுமே ஸ்கூட்தான். கை சரியில்லைன்னா ஒரு வார்த்தை சொல்லாம சீட்டைக் கீழே வெச்சிட்டு எழுந்து போயிடுவார். இருந்து ஆடினாத்தான் என்னன்னு எனக்குக் கோபமா வரும். கடைசியிலயும் அப்படித்தானே போனார்."

நான் பெட்டியை மூடாமல் நின்றேன். பகல் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஆபீஸ், பிள்ளை பள்ளிக்கூடம். தெருவில் நடக்க ஆள் கிடையாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தபால் வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று எனக்கே சொல்வார்கள். வாரத்தில் ஐந்து பேரோடு சேர்ந்து உட்காருவது அந்த ஒரு ராத்திரிதான். அதில் எழுந்து போகச் சொல்லி நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

தூண்டில் இரும்பை இரை என்று மீன் விழுங்குகிற மாதிரிதான் சூதில் ஜெயிப்பது என்கிறார் வள்ளுவர். போக்கர்க்காரர்களும் கற்றுக்குட்டியை மீன் என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு அந்த மேசையில் மீன் யார், தூண்டில் யார் என்று எனக்குத் தெரியவில்லை. எதிரணிக்குத் தெரிந்தால் சொல்லட்டும்.

அத்தை ஊருக்குப் போய்விட்டார்கள். போகிறபோது ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து, தீபாவளிக் காசு என்று எங்கள் ஐந்து பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். இங்கே வெள்ளி ராத்திரி என்றால் அங்கே சனிக்கிழமை காலை. குளித்துத் தலையை முடிந்துகொண்டு, காபியோடு வீடியோவில் வந்துவிடுவார்கள். அவர்கள் இடத்தில் லேப்டாப்பை வைக்கிறோம். ராஜா ஜோடியைக் கவிழ்த்த அதே நண்பர், அத்தையின் இரண்டு சீட்டையும் தான் பார்க்காமல் எடுத்துக் கேமராவுக்குக் காட்டுவார்.

போன வாரமும் காட்டினார். அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து கேட்டார்கள்.

"இதுல ஜோக்கர் எது மாப்பிள்ளை?"

நன்றி, வணக்கம்.