சம்பளம் வாங்கிட்டு கூட நிக்கிறவங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க, நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

அமெரிக்காவுல ஓரிகன் மாநிலம், போர்ட்லேண்ட்ல டங்கன் கேம்பெல்னு ஒருத்தர். அப்பா அம்மா ரெண்டு பேருக்குமே குடி, அப்பா ஜெயிலுக்கும் போனவர். சின்னப் பையனா இருந்தப்ப ஒரு நாள் ராத்திரி முழிச்சுப் பாத்தா வீட்ல யாருமில்ல, தனியா தெருவுல தேடிக் கிளம்பிட்டார், கடைசில அவங்க இருந்தது ஒரு பார்ல. அப்படி வளந்தவர் வக்கீலுக்குப் படிச்சு, காட்டு நிலத்துல முதலீடு பண்ற கம்பெனி நடத்தி நல்லா சம்பாதிச்சு, 1993ல பிரெண்ட்ஸ் ஆஃப் தி சில்ட்ரன்ங்கற அமைப்ப ஆரம்பிச்சாரு. கஷ்டத்துல இருக்கற புள்ளைங்களுக்கு மென்ட்டர், அதாவது கூடவே நின்னு வழிகாட்டற ஒரு பெரியவர ஏற்பாடு பண்றதுதான் அதோட வேலை.

மென்ட்டர்னாலே நமக்கு வாலன்டியர்தான் ஞாபகம் வருது. மனசு நல்ல மனசுதான், ஆனா வேலை மாறுது, கல்யாணம் ஆகுது, ஊர் மாறுது, சில மாசத்துல ஆள் வரமாட்டாங்க. ஏற்கனவே பெரியவங்க விட்டுட்டுப் போன புள்ளைங்க இது, இன்னொருத்தரும் போனா என்ன நினைக்கும் சொல்லுங்க? ஆரம்பிச்சு மூணு மாசத்துக்குள்ள முறிஞ்சுபோற மென்ட்டரிங், புள்ளையோட தன்னம்பிக்கைய குறைக்குதுன்னு ஆய்வுலயே வந்திருக்கு.

அதனால கேம்பெல் இத முழுநேர வேலையாவே ஆக்கிட்டாரு, மாசச் சம்பளத்தோட. நல்லாப் படிக்கிற புள்ளையத் தேடி எடுக்கறதில்ல, ரொம்பக் கஷ்டத்துல இருக்கற புள்ளைங்களத்தான் நாலஞ்சு ஆறு வயசுலயே எடுக்கறாங்க, எடுத்தா பள்ளிப்படிப்பு முடியற வரைக்கும், பன்னெண்டு வருஷத்துக்கும் மேல. ஒரு மென்ட்டருக்கு எட்டு புள்ளைங்க மாதிரிதான், ஒவ்வொண்ணோடயும் வாரத்துக்கு மூணு நாலு மணி நேரம். கிளாஸ்ல பக்கத்துல உக்காந்து எழுத்துக்கூட்டி வாசிக்க வைப்பாங்க, லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க, சேந்து சமைப்பாங்க. புள்ள வீடு மாறினாலும், வேற குடும்பத்துல வளர விட்டாலும், பதினஞ்சு வயசுல மூஞ்சியத் திருப்பிக்கிட்டாலும் இவங்க விடறதில்ல.

அன்புக்கு சம்பளமான்னு சிலர் முகம் சுளிக்கறாங்க, எனக்கு அது புரியவே இல்ல. வாத்தியாருக்கும் நர்ஸுக்கும் குடுக்கறோமே, அவங்க பாசமெல்லாம் பொய்யா? வீட்டு வாடகைக்கு வழி இருந்தாத்தான ஒருத்தர் வருஷக்கணக்கா நிக்க முடியும்!

செலவு ஜாஸ்திதான், ஒத்துக்கறேன். 2022ல அமெரிக்கக் கோடீஸ்வரி மெக்கென்சி ஸ்காட் இந்த அமைப்புக்கு 4.4 கோடி டாலர் நன்கொடை குடுத்தாங்க, அந்த மாதிரி பணம் எல்லா ஊருக்கும் வராது. ஆனா இங்க நிதி குடுக்கற இடத்துல இருக்கறவங்க ஒண்ணு மட்டும் பண்ணுங்க. வருஷக் கடைசில எத்தன புள்ளைங்கன்னு ரிப்போர்ட் கேக்கறதுக்கு முன்னாடி, போன வருஷம் வந்த அதே ஆள்தான் இந்த வருஷமும் வர்றாங்களா, அடுத்த வருஷ சம்பளத்துக்கு பணம் ஒதுக்கியாச்சான்னு கேளுங்க.