பாப்பா தூங்குறப்ப அம்மா தூங்குறாங்களா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி ஒரு பாட்டிகிட்ட இருந்து வந்திருக்கு. சுருக்கி வாசிக்கிறேன். "என் மகளுக்கு சிசேரியன் ஆகி 7 வாரம் ஆகுது. தலைப்பிரசவம், எங்க வீட்டுலதான் இருக்கா. பேத்தி விளக்கு வைக்கிற நேரத்துல அழ ஆரம்பிச்சா ராத்திரி 10 மணி வரைக்கும் ஓயறதில்ல. மந்திரிச்சும் பார்த்தாச்சு. மகளோ குழந்தை தூங்கும்போதும் தூங்காம விட்டத்தைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்கா. 'நான் இதுக்கு லாயக்கில்லம்மா'ன்னு அழறா. சம்பந்தி வீட்டுல பையனை எதிர்பார்த்தாங்க. குழந்தைக்கு உரை மருந்து கொடுக்கலாமா? மகளுக்கு மாத்திரை கொடுத்தா தாய்ப்பாலை நிறுத்தணுமா?"

அம்மா, நீங்க முதல்ல கேட்டது குழந்தையைப் பத்தி. ஆனா எனக்குக் கவலையா இருக்கிறது உங்க மகள். அதிலும் அந்த ஒரு வரி, "குழந்தை தூங்கும்போதும் தூங்காம". கைக்குழந்தை இருக்கிற வீட்டுல எந்தத் தாய்க்கும் தூக்கம் பத்தாது. ஆனா அந்த அசதிக்குத் தலை சாய்ஞ்சா போதும், தூங்கிடுவாங்க. குழந்தையும் தூங்குது, நீங்களும் பக்கத்துல இருக்கீங்க, அப்பவும் கண்ணு மூட முடியலைன்னா அது வெறும் அசதி இல்ல.

பிரசவமாகி 2, 3 நாள்ல காரணமே இல்லாம அழுகை வரும், எரிச்சல் வரும். பாதிக்கு மேல தாய்மார்களுக்கு இது உண்டு, 2 வாரத்துக்குள்ள தானா அடங்கிடும். "பச்ச உடம்புக்காரி, இப்படித்தான் இருப்பா"ன்னு நம்ம வீடுகள்ல சொல்றது அந்த 2 வாரத்துக்குத்தான் பொருந்தும். உங்க மகளுக்கு 7 வாரம். அதனால இது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வான்னு டாக்டர்கிட்ட காட்டிப் பார்க்கணும். இது அரிதான வியாதியும் இல்ல. வேலூர் பக்கத்துல கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்கள்ல செஞ்ச ஒரு ஆய்வு 2002ல வெளியாச்சு. அதுல 100க்கு 11 பேருக்கு இருந்துச்சு. யாருக்கு அதிகமா வந்துச்சுன்னும் பார்த்தாங்க: வருமானம் கம்மியா இருக்கிறவங்க, பையனை எதிர்பார்த்துப் பொண்ணு பிறந்தவங்க, மாமியாரோடயோ பெத்தவங்களோடயோ மனஸ்தாபம் உள்ளவங்க, கைவேலைக்கு ஒத்தாசை இல்லாதவங்க. உங்க கடிதத்துல சம்பந்தி வீட்டைப் பத்தி ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க. அது சின்ன விஷயம் இல்ல.

இப்ப பேத்திக்கு வருவோம். குழந்தைங்க அழுகை 2 வாரத்துல கூட ஆரம்பிச்சு, 6 வாரம் வாக்குல உச்சத்துக்குப் போகும், 3, 4 மாசத்துல குறைஞ்சிடும். சாயங்காலம்தான் அதிகம். நல்ல ஆரோக்கியமான குழந்தைகூட இந்த வயசுல ஒரு நாளைக்கு 2, 3 மணி நேரம் அழும். பால் நல்லாக் குடிக்குது, ஒரு நாளைக்கு 6 தடவைக்கு மேல மூத்திரம் போகுது, எடை ஏறுதுன்னா பால் பத்தலைன்னு அர்த்தம் இல்ல, திருஷ்டியும் இல்ல. இதை உங்க மகள்கிட்ட திருப்பித் திருப்பிச் சொல்லணும். குழந்தை ஓயாம அழுதா, தன் பால் சரியில்லைன்னுதான் ஒவ்வொரு தாயும் முதல்ல நினைக்கிறா.

அழ ஆரம்பிச்சதும் துணியை முழுசா அவிழ்த்துப் பாருங்க. கை விரல், கால் விரல் ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பாருங்க. பிரசவத்துக்கு அப்புறம் தாய்க்கு முடி கொட்டும். அந்த முடி ஒண்ணு குழந்தையோட கால் விரல்ல சுத்தி இறுக்கிடும். விரல் சிவந்து வீங்கியிருக்கும், முடி மடிப்புக்குள்ள போயிடுறதால கண்ணுக்கே தெரியாது. அது இல்ல, பசியும் இல்லைன்னா விளக்கைக் குறைச்சு, சட்டையில்லாம நெஞ்சோட அணைச்சு, மெதுவா நடங்க. பத்துப் பேர் கை மாத்தி மாத்தித் தூக்கினா அழுகை கூடத்தான் செய்யும்.

உரை மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணி எதுவும் வேண்டாம். 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். தேன் ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது. வாயுவுக்குன்னு கடையில விக்கிற சிமெத்திகோன் சொட்டு மருந்தும் இந்த அழுகையைக் குறைக்கிறதா ஆய்வுகள்ல நிரூபணம் ஆகல. ஆனா 100.4 டிகிரி காய்ச்சல், பச்சையா வாந்தி, மலத்துல ரத்தம், பால் குடிக்க மறுக்கிறது, துவண்டு போறது, இதுல ஒண்ணு இருந்தாலும் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. தூங்க வைக்கும்போது மல்லாக்கப் படுக்க வைங்க, தலையணை வேண்டாம். தூளியில போட்டா ஆள் பார்வையில இருக்கணும். குழந்தை சுருண்டு தாடை நெஞ்சுல முட்டினா மூச்சு அடைக்கும்.

இன்னொண்ணு, ராத்திரி குழந்தை முனகினதும் பாய்ஞ்சு தூக்காதீங்க. இந்த வயசுல தூக்கத்துல பாதி நேரம் நெளியும், முனகும், முகத்தைச் சுளிக்கும். ஒரு நிமிஷம் பாருங்க, பல தடவை அப்படியே தூங்கிடும்.

சரி, மகளுக்கு இன்னைக்கு ராத்திரியே என்ன செய்யலாம்? விடாம 4, 5 மணி நேரம் தூக்கம். அரை அரை மணியா 8 மணி நேரம் படுத்தாலும் அதுக்கு ஈடாகாது. காலையில முதல் தடவை பால் கொடுத்ததும் மார்புல பால் நிறைய இருக்கும். அப்ப கையால 60லிருந்து 90 மில்லி பீச்சி, கொதிக்க வெச்ச எவர்சில்வர் கிண்ணத்துல மூடி, ஃப்ரிட்ஜுக்குள்ள வைங்க, கதவுல வேண்டாம். ராத்திரி 9 மணிக்குப் பால் கொடுத்துட்டு மகள் வேற ரூம்ல போய்ப் படுக்கட்டும். 12 மணி வாக்குல குழந்தை எழுந்தா நீங்க கொடுங்க. வெந்நீர்ல கிண்ணத்தை வெச்சு வெதுவெதுப்பாக்குங்க, அடுப்புல வைக்காதீங்க. பாலாடையில, அதான் மூக்கு வெச்ச சின்னக் கிண்ணத்துல ஊத்தி, குழந்தையைத் தலை உயர்ந்தாப்ல மடியில வெச்சு, பாலாடை மூக்கைக் கீழ் உதட்டு ஓரத்துல தொடுங்க. அதுவா நாக்கை நீட்டி உறிஞ்சும். நீங்க வாய்க்குள்ள சாய்ச்சு ஊத்தினா புரையேறும். மீந்த பாலைத் திரும்ப வைக்க வேண்டாம். 2 மணிக்கு மகள் எழுந்து நேரடியா கொடுக்கட்டும். நடுவுல மார்பு கட்டிக்கிட்டு வலிச்சா கொஞ்சம் பீச்சி விட்டுட்டுப் படுக்கலாம்.

இப்படி 3, 4 ராத்திரி வழிவிட்டும் அவளால தூங்க முடியலைன்னா, அதையே டாக்டர்கிட்ட சொல்லுங்க. அதுவே ஒரு முக்கியமான தகவல். ஆனா தூக்கம் வந்தாலும் டாக்டரைப் பார்க்கிறதைத் தள்ளிப் போடாதீங்க, இந்த வாரமே போங்க. எடின்பரோ அளவுகோல்னு 1987ல வந்த ஒரு கேள்வித்தாள் இருக்கு. கடந்த 7 நாள் மனசு எப்படி இருந்துச்சுன்னு 10 கேள்வி, தமிழ்லயும் உண்டு. அந்த மதிப்பெண்ணை மட்டும் வெச்சு நோய்னு முடிவு கட்ட மாட்டாங்க, பேசிப் பார்ப்பாங்க. கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. ரத்தசோகையும், பிரசவத்துக்கு அப்புறம் வர்ற தைராய்டு கோளாறும் இதே மாதிரி சோர்வைக் காட்டும். பத்தியம்னு தண்ணியைக் குறைச்சு, ரசம் சாதத்தோட நிறுத்தியிருந்தா அதை விட்டுடுங்க. முட்டை, மீன், கீரை, பருப்பு எல்லாம் சாப்பிடட்டும்.

மாத்திரை கேள்வி. பாலை நிறுத்த வேண்டியதில்ல. செர்ட்ரலின் மாதிரி மனச்சோர்வு மாத்திரை பால்ல ரொம்பக் கொஞ்சமாத்தான் இறங்கும், அதனாலதான் பால் கொடுக்கிற தாய்மார்களுக்கு அதை முதல்ல யோசிப்பாங்க. பலன் தெரிய 2லிருந்து 4 வாரம் ஆகும். "10 நாள் போட்டோம், ஒண்ணும் ஆகல"ன்னு நிறுத்துறதும், சரியானதும் மறு வாரமே நிறுத்துறதும்தான் அடிக்கடி நடக்கிற தப்பு. எல்லாருக்கும் மாத்திரை தேவையும் இல்ல. பாகிஸ்தான் கிராமங்கள்ல சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு இருந்த தாய்மார்கள்ல ஒரு குழுவை வீடு தேடிப் போய்ப் பேச வெச்சாங்க. 2008ல வந்த அந்த முடிவுல, 6 மாசம் கழிச்சு மனச்சோர்வு இருந்தவங்க அந்தக் குழுவுல 23 சதவீதம், மத்தவங்கள்ல 53. பேச்சு அவ்வளவு வேலை செய்யும். ஆனா "உனக்கென்ன குறை, தங்கமாட்டம் குழந்தை"ன்னு சொல்றது அந்தப் பேச்சு இல்ல.

"சாகணும்னு தோணுதா கண்ணு?"ன்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த நினைப்பு புதுசா வந்துடாது. குழந்தை கைதவறி விழுந்துடுமோன்னு கெட்ட நினைப்பு வருது, பயமா இருக்குன்னு சொன்னா திட்டாதீங்க. அது நிறைய தாய்மாருக்கு வரும், அந்த நினைப்பைக் கண்டு அவங்களே நடுங்குவாங்க. ஆனா சாகணும்னு சொன்னா, குழந்தையை ஏதாவது செஞ்சிடுவேன்னு சொன்னா, இல்லாத குரல் கேக்குதுன்னு சொன்னா, சம்பந்தமில்லாம பேசினா, ராத்திரியெல்லாம் தூக்கமே தேவையில்லாத மாதிரி நடமாடினா, அது அவசரம். தனியா விடாதீங்க, குழந்தையோட தனியாவும் விடாதீங்க, 108க்குக் கூப்பிடுங்க. மனசு விட்டுப் பேச 14416, அரசோட டெலிமானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம்.

கடைசியா மாப்பிள்ளைக்கு ஒரு வேலை. டாக்டர்கிட்ட போறப்ப அவரும் வரட்டும். "பொண்ணா போச்சே"ங்கிற பேச்சு அவங்க வீட்டுல வந்தா நிறுத்த வேண்டியது அவர், நீங்க இல்ல. அவர் வந்து தங்குற ராத்திரி அந்த 12 மணிப் பாலை அவர் கொடுக்கட்டும், பாலாடை பிடிக்க யாருக்கும் ரெண்டு நாள்ல பழகிடும். அன்னைக்கு நீங்களும் தூங்குங்கம்மா.