காற்றடித்த மெத்தைக்குத் தடை! எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்குக் காவலாக நிற்கும் தன்னார்வலர்கள்

[திரையில்: நீல நிறக் காற்று மெத்தை. அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.]

இந்த மெத்தையைப் பாருங்கள். பம்பு வைத்து அடித்தால் ஐந்து நிமிடத்தில் படுக்கை தயார். விருந்தாளி கிளம்பியதும் காற்றைப் பிடுங்கி, சுருட்டி, பரணில் போட்டுவிடலாம். ஆனால் ஜப்பானிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ ஓராண்டு படிக்க அமெரிக்காவுக்கு வரும் பதினாறு வயதுப் பிள்ளையைத் தங்க வைக்க ஒப்புக்கொண்டு, "இதுதான் அவன் படுக்கை" என்று இதைக் காட்டினால், அரசு விதிப்படி உங்கள் வீடு ஃபெயில். பகலில் சோபா, ராத்திரியில் கட்டில் என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் கூடாது. அந்தப் பிள்ளைக்கென்றே தனியாக ஒரு நிஜக் கட்டில் வேண்டும்.

ஒரு வல்லரசின் வெளியுறவுத் துறை, மெத்தைக்குள் காற்றா பஞ்சா என்று ஏன் மண்டையைக் குடைந்துகொள்கிறது? அதற்குப் பின்னால் ஒரு மோசமான கதை இருக்கிறது. சொல்கிறேன்.

[இசை]

வணக்கம் மக்களே. பின்னணியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன், யாரும் தள்ளிவிட வேண்டாம். 1915, முதல் உலகப் போர். பிரான்ஸ் போர்முனையில் அடிபட்டவர்களை ஏற்றி வர, அமெரிக்க இளைஞர்கள் தாங்களாகவே போய் ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். அந்தக் குழுதான் அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ், சுருக்கமாக ஏ.எஃப்.எஸ். இரண்டு உலகப் போர்களையும் பார்த்த பிறகு, 1947-ல் அவர்கள் பத்து நாடுகளிலிருந்து 52 பள்ளி மாணவர்களை அமெரிக்கக் குடும்பங்களோடு தங்கிப் படிக்க அழைத்து வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் சூட்கேஸ் தூக்க ஆரம்பித்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இன்று ஏ.எஃப்.எஸ்., ரோட்டரி என்று பல அமைப்புகள் இந்த வேலையைச் செய்கின்றன. வருகிறவர்களுக்கு ஜே-1 விசா, அதாவது எக்ஸ்சேஞ்சில் வருகிறவர்களுக்கான விசா. வயது 15 முதல் பதினெட்டரை வரை. 2002-ல் தொடங்கிய 'யெஸ்' என்ற உதவித்தொகைத் திட்டத்தில் இந்தியப் பிள்ளைகளும் போகிறார்கள். அதனால் இது நமக்குச் சம்பந்தமில்லாத ஊர்க்கதை இல்லை.

சரி, வரலாறு முடிந்தது. இப்போது காசு.

இந்த ஜே-1 பள்ளி மாணவர்களைத் தங்க வைக்கும் குடும்பத்துக்கு எவ்வளவு கொடுப்பார்கள்? ஒன்றும் கிடையாது. சாப்பாடு, இடம், ஸ்கூலுக்குப் போக வர ஏற்பாடு, எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. வருமான வரிக் கணக்குக் காட்டும்போது மாதம் 50 டாலர் வரை நன்கொடையாகக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வளர்கிற பையன் ஒருவனை வீட்டில் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். 50 டாலர் பாலுக்கும் சீரியலுக்குமே போய்விடும்.

ஆனால் இந்த மொத்த ஏற்பாட்டில் காசே இல்லை என்று நினைக்காதீர்கள். பல திட்டங்களில் மாணவரின் பெற்றோர் அமைப்புக்குப் பெரிய தொகை கட்டுகிறார்கள். மாணவருக்கு வீடு தேடிக் கொடுத்து, பிறகு அவரைக் கவனித்துக்கொள்ள அமைப்பு ஊருக்கு ஊர் வைத்திருக்கும் லோக்கல் கோஆர்டினேட்டர் பாதி தன்னார்வலர். சில அமைப்புகளில் ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று சின்னத் தொகை அவருக்கு வரும். ஆகஸ்ட் 31-க்குள் ஒவ்வொரு மாணவருக்கும் வீடு உறுதியாகியிருக்க வேண்டும். அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆகஸ்ட் இருபதாம் தேதி. கையில் மூன்று பிள்ளைகள், வீடு இரண்டுதான். அப்போது ஒருவர் "நான் வைத்துக்கொள்கிறேன்" என்கிறார். போய்ப் பார்த்தால் வீடு சுமார்தான். வீடு தேடுகிறவரும் இவரே, வீட்டுக்கு மார்க் போடுகிறவரும் இவரே. பெண்ணுக்கு வரன் தேடும் தரகரிடமே மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிற கதை!

இப்போது அந்த மோசமான கதை. 2009, பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்க்ராண்டன் என்ற ஊர். எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் சிலர் ஒழுங்கான சாப்பாடு இல்லாமல், மனிதர் குடியிருக்கத் தகாத அழுக்கு வீடுகளில் வைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. காகிதத்தில் எல்லாருக்கும் 'குடும்பம்' இருந்தது. அடுத்த ஆண்டு, 2010-ல், வெளியுறவுத் துறை விதிகளை இறுக்கியது.

[திரையில்: ஒரு வீட்டின் படங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன.]

இப்போது கோஆர்டினேட்டர் ஃபோனில் பேசிவிட்டு 'நல்ல குடும்பம்' என்று எழுத முடியாது. வீட்டுக்கே நேரில் போக வேண்டும். வெளிப்புறம், சமையலறை, பிள்ளை படுக்கப்போகும் அறை, குளியலறை, ஹால் என்று எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும். குளியலறைப் படம் கேட்கிற இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். விருந்தாளி வருகிறார் என்றால் ஹாலை யாரும் கூட்டிவிடுவார்கள். ஒரு வீட்டின் லட்சணம் தெரிய பாத்ரூமைத்தான் பார்க்க வேண்டும் என்று என் பாட்டி சொல்வார். வெளியுறவுத் துறையும் என் பாட்டியும் ஒத்துப்போன ஒரே விஷயம் இது.

கட்டில் விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் உறவினர் வந்தால் பாயை விரித்து, நாலு பேர் வரிசையாகப் படுத்துவிடுவோம். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது நாலு நாள் கணக்கு, அதுவும் நம் சொந்தக்காரர்கள். முன்பின் தெரியாத வீட்டில் பத்து மாதம் இருக்கப்போகிற பிள்ளைக்குக் கட்டில் வேறு அர்த்தம். காற்று மெத்தை போட்டிருக்கிறார்கள் என்றால் என்ன பொருள்? நேற்றுத்தான் முடிவு செய்திருக்கிறார்கள், நாளைக்கே காற்றைப் பிடுங்கவும் முடியும். கட்டில் வாங்கிப் போட்ட வீடு, அந்தப் பிள்ளையை ஒருமுறையாவது மனதில் நினைத்துப் பார்த்த வீடு. இது விதியில் எழுதியிருப்பது அல்ல, நான் புரிந்துகொண்டது. அறையை வேறு ஒருவரோடு பங்கு போடலாம், ஒரே ஒருவர்தான், அதே பாலினமாக இருக்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று, இதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். வீட்டில் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவர் மேலும் குற்ற வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் நடக்குமே, அந்த மாதிரி. அந்த வீட்டுப் பையனுக்கு இப்போது பதினேழரை வயதா? நடுவில் 18 ஆகிவிடுவான், அதனால் அவனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கேக், இன்னொரு பக்கம் வெரிஃபிகேஷன். கல்யாணமாகிக் குடிவரும் மாமாவுக்கும் இதே கதிதான். உறவினர் அல்லாத இரண்டு பேரிடமாவது அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். பிள்ளைகள் இல்லாத தனி ஆள் வீடு என்றால், மாணவரும் பெற்றோரும் முன்பே எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.

இவ்வளவிலும் எனக்கு முக்கியமாகத் தெரிவது இது. பிள்ளை வந்த முதல் இரண்டு மாதத்துக்குள் இரண்டாவது முறை வீட்டைப் பார்க்க வேண்டும், முதலில் பார்த்துத் தேர்ந்தெடுத்த அதே ஆள் பார்க்கக் கூடாது, வேறு ஒருவர் வர வேண்டும். தரகர் சொன்ன மாப்பிள்ளையை, தரகருக்குச் சம்பந்தமில்லாத ஒரு சித்தப்பா போய்ப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி. அந்தச் சித்தப்பாவுக்குக் கமிஷனும் இல்லை, ஆகஸ்ட் 31 நெருக்கடியும் இல்லை. அதனால் அவர் கண்ணுக்கு அழுக்கு தெரியும்.

சரி, மாதா மாதம்? கோஆர்டினேட்டர் மாணவரோடு மாதம் ஒருமுறையாவது பேச வேண்டும். முதல் மாதம் நேரில், பிறகு ஒரு மாதம் விட்டு ஒரு மாதமாவது நேரில். குடும்பத்தோடு பேசுவது தனிக்கணக்கு. கோஆர்டினேட்டர் வீட்டுக்கும் மாணவர் இருக்கும் வீட்டுக்கும் 120 மைல் வரை இருக்கலாமாம். கிட்டத்தட்ட 193 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கிளம்பினால் விழுப்புரத்தைத் தாண்டிப் போகிற தூரம். ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளை அழுதுகொண்டு ஃபோன் செய்தால் இவர் எப்போது போய்ச் சேருவார்? என்னைக் கேட்டால் இந்த ஒரு விதி ரொம்பத் தாராளம்.

சந்திக்கிறபோது என்ன கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குடும்பத்தோடு ஹாலில் உட்கார்ந்து "நல்லா இருக்கியாம்மா?" என்றால், எந்தப் பிள்ளையும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லும். வெளியே கூட்டிப் போங்கள், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். "நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய்? யார் சமைத்தார்கள்? வீட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்கிறாய்? உன் பாஸ்போர்ட் இப்போது எங்கே இருக்கிறது?" இப்படிக் கேட்டால் பதிலைப் பூசி மெழுகுவது கஷ்டம். "நேற்று நான் சாப்பிடவில்லை, அவர்கள் வெளியே போயிருந்தார்கள்" என்று வந்தால், முந்தாநாளையும் கேளுங்கள்.

பிள்ளை ஏதோ கெட்டது நடந்ததாகச் சொல்லிவிட்டது, அப்போது? இந்த இடத்தில் நம் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. உடனே பஞ்சாயத்து கூட்டிவிடுவோம். "அவர் பெரிய மனுஷர், அப்படிச் செய்திருக்க மாட்டார், நான் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கிறேன்." கூடவே கூடாது. தன்னார்வலர் நீதிபதியும் இல்லை, துப்பறிவாளரும் இல்லை. குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யக் கூடாது, ஏனென்றால் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வைக்க வேண்டும். பிள்ளையை அங்கிருந்து நகர்த்த வேண்டும், போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். ரோட்டரியில் இதற்கு மேலாக 72 மணி நேரத்துக்குள் தலைமையகத்துக்கும் தகவல் போக வேண்டும். ரோட்டரி ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசகரைக் கொடுக்கிறது. அவர் அந்தப் பிள்ளை தங்கும் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. மறுபடியும் அதே சித்தப்பா!

[இசை நிற்கிறது.]

வீடு சுத்தம், குடும்பம் அருமை, கோஆர்டினேட்டர் தங்கம். அப்படியும் ஒரு பிள்ளை திரும்பி வராமல் போனது. 1992 அக்டோபர் 17, லூசியானாவில் பேட்டன் ரூஜ். ஹட்டோரி யோஷிஹிரோ, ஜப்பானிலிருந்து ஏ.எஃப்.எஸ். மூலம் வந்தவன், வயது 16. ஹாலோவீன் பார்ட்டிக்கு மாறுவேடம் போட்டுக்கொண்டு, தங்கியிருந்த வீட்டுப் பையனோடு போனவன் தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து "ஃப்ரீஸ்" என்று கத்தினார். அசையாதே என்று அர்த்தம். பையன் நிற்கவில்லை. சுட்டுவிட்டார். அந்தச் சொல் அவனுக்குப் புரிந்திருக்காது என்று பிறகு பேசப்பட்டது. பாடப்புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு உறைதல் என்றுதான் இருந்திருக்கும். குற்ற வழக்கில் சுட்டவர் விடுதலையானார். பெற்றோர் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு ஜப்பானில் பதினேழு லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கி, 1993-ல் அதிபர் கிளிண்டனைச் சந்தித்தார்கள். அதோடு, மகன் பெயரில் ஒரு நிதி வைத்து, அமெரிக்கப் பிள்ளைகளை ஜப்பானுக்குப் படிக்க வரவழைத்தார்கள். இதை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் என்னால் எழுத முடியவில்லை.

அதனால், பிள்ளை வந்த முதல் வாரத்தில் உட்கார வைத்து இந்த மாதிரிச் சொற்களையும் சொல்லிக்கொடுங்கள் என்று நான் சொல்வேன். போலீஸ் நிறுத்தினால் கையை எங்கே வைக்க வேண்டும், தெரியாத வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது, எந்த எண்ணுக்கு ஃபோன் செய்வது.

எண் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு ஜே-1 பள்ளி மாணவருக்கும் ஓர் அடையாள அட்டை கொடுக்க வேண்டும். தங்கும் வீட்டின் முகவரி, கோஆர்டினேட்டர் எண், அமைப்பின் அவசர எண், வெளியுறவுத் துறையின் கட்டணமில்லா எண் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் பிள்ளையை அனுப்பியிருக்கிறீர்களா? இன்று ராத்திரி வாட்ஸாப்பில் அந்த அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே கட்டிலையும்.

நீங்கள் எக்ஸ்சேஞ்சில் போனவரா, யாரையாவது வீட்டில் வைத்திருந்தவரா? கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன். பிரிட்டனில் 16 வயதுக்குட்பட்ட வெளிநாட்டுப் பிள்ளையை 28 நாளோ அதற்கு மேலோ வீட்டில் வைத்தால், கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சி நிர்வாகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அங்கே அதைத் தனியார் வளர்ப்புப் பராமரிப்பாகவே கணக்கில் எடுக்கிறார்கள். அது ஏன் என்று அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.