நைஷ்டிக பிரம்மசாரி என்று யாரைச் சொல்லலாம்?

அடுத்த கேள்வி. "கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்துவிட்ட எவரையும் நைஷ்டிக பிரம்மசாரி என்று சொல்லலாமா? பிரம்மசாரி என்றாலே போதாதா?" என்று ஓர் அன்பர் கேட்டிருக்கிறார்.

போதாது. பிரம்மசாரி என்றால் மணமாகாதவர் என்றே நமக்குப் பழகிவிட்டது. ஆனால் தர்ம சாஸ்திரங்களில் அது வேதம் கற்கும் மாணவனுக்குரிய பெயர். குருவின் வீட்டில் தங்கி, சமித்துப் பொறுக்கி வந்து காலையும் மாலையும் அக்னியில் இடுவான். பிக்ஷை எடுத்து வந்ததைக் குருவின் முன் வைத்து, அவர் அனுமதித்த பிறகே உண்பான். படிப்பு முடிந்ததும் குருதட்சிணை கொடுத்து, இடுப்பிலிருந்த மேகலையையும் கையிலிருந்த தண்டத்தையும் விட்டுவிட்டு, நீராடி வீடு திரும்புவான். இதற்குச் சமாவர்த்தனம் என்று பெயர். திரும்பி வருதல் என்பதுதான் பொருள். பிறகு கல்யாணம், இல்லறம். இவனை உபகுர்வாணன் என்பார்கள்.

நைஷ்டிகன் திரும்பாதவன். கூடப் படித்தவன் நீராடிப் புறப்பட்டுப் போகிறான். இவன் மறுநாள் விடியலிலும் அதே மேகலையோடு சமித்துத் தேடிப் போகிறான். நிஷ்டா என்ற சொல்லுக்கு நிலைத்து நிற்றல் என்றும், முடிவு என்றும் பொருள் உண்டு. கடைசிவரை நிற்பவன் நைஷ்டிகன். நம் பழைய நூல்கள் நைட்டிகன் என்று எழுதும்.

சரி, குரு காலமாகிவிட்டால் இவன் என்ன செய்வான்? மனு ஸ்மிருதியின் 2-ஆம் அத்தியாயம் இதற்கு விடை சொல்கிறது. குணமுள்ள குருபுத்திரனுக்கோ, குருபத்தினிக்கோ, நெருங்கிய உறவினருக்கோ குருவுக்குச் செய்ததைப் போலவே பணிவிடை செய்ய வேண்டும். அவர்களும் இல்லையென்றால், அக்னிக்குச் செய்ய வேண்டும், உடல் விழும்வரை. வீட்டில் ஒருவருமே இல்லாத நிலையிலும், அந்த அக்னி அணையாமல் சமித்து இட்டுக்கொண்டிருக்கும் ஒரு முதியவரை நினைத்துப் பாருங்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிடும்.

தந்தைக்காகச் சபதம் செய்த பீஷ்மரையும், சபரிமலை ஐயப்பனையும் நைஷ்டிக பிரம்மசாரி என்பது அந்த உறுதியை வைத்துத்தான். ஆகவே, வரன் அமையாமலோ, வீட்டுச் சூழலாலோ தனித்திருப்பவரை அப்படிச் சொல்வது பொருந்தாது. அதனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. தானாக முன்வந்து, ஆயுள் முழுவதற்கும் விரதம் ஏற்றவருக்கு மட்டும் இந்தச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்.