எட்டு வயது வரை எந்தக் கிணற்றுத் தண்ணீர்?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும். முடிந்தால் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் அந்தச் சொம்பைப் பற்றியதுதான்.

தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள் நான். எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் வகுப்பில் நடப்பது என்ன? நீரை அறிவியல் புத்தகத்தில் படிக்கிறார்கள். பாறையைச் சமூக அறிவியலில், புவியியல் பகுதியில் படிக்கிறார்கள். மண் இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. பிள்ளைகள் மூன்றையும் ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று ஊர்களைப் போலப் படித்து, தேர்வு எழுதி, மறந்துவிடுகிறார்கள். இந்தப் பாகப்பிரிவினை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. உங்கள் சொம்பில் இருக்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, பாறையைத் தொட்டுவிட்டு வந்ததாக இருக்கலாம். அதை எப்படி மூன்றாகப் பிரிப்பது?

இதை எனக்குப் புரியவைத்தவள் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு பெண். ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் பக்கம் வருவதற்கு முந்தைய காலம் அது. நன்றாகப் படிப்பாள், ஆனால் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வாள். ஒருநாள் உடல் சுத்தம் பற்றிய பாடம். காலையும் இரவும் பல் துலக்க வேண்டும் என்று சொல்லி முடித்தேன். வகுப்பு கலைந்த பிறகு தனியாக வந்து நின்றாள். “டீச்சர், நான் இரண்டு வேளையும் பல் துலக்குகிறேன். வேப்பங்குச்சியும் வைத்துப் பார்த்துவிட்டேன். கறை போகவில்லை. நான் அழுக்கு இல்லை டீச்சர்” என்றாள்.

நேயர்களே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அது தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற தாதுப்பொருளால் வந்த கறை என்று எனக்குத் தெரியும். அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தப் பழுப்பு நிறம் இருந்தது. தெரிந்துகொண்டே நான் பல் துலக்கும் பாடம் நடத்தியிருக்கிறேன்.

மறுநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வகுப்புக்கு ஒரே ஒரு கேள்வி கொடுத்தேன். “எட்டு வயது வரை நீங்கள் எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள்? வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள்.” ஏன் எட்டு வயது? நிலையான பற்களின் மேல்பூச்சு, கடைவாயில் கடைசியாக முளைக்கும் ஞானப்பல் நீங்கலாக, ஏறக்குறைய அந்த வயதுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகி முடிந்துவிடுகிறது. அந்த ஆண்டுகளில் ஃபுளோரைடு அதிகமாக உடம்புக்குள் போனால்தான் பல்லில் கறை படியும். அதனால் பல்லைப் பார்த்தால் சின்ன வயதில் குடித்த தண்ணீர் தெரியும்.

ஒரு வாரம் கழித்து நோட்டுகள் வந்தன. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் எழுதியிருந்தார்கள். எந்தக் கோடையில் ஊர்க் கிணறு வற்றியது, யார் நிலத்தில் முதலில் போர் போட்டார்கள், எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று வரலாறே வந்து சேர்ந்தது. ஒரு பாட்டி பேத்தி எழுதியதில் நம்பிக்கை இல்லாமல் பள்ளிக்கே வந்துவிட்டார். “டீச்சரம்மா, இவளுக்கு என்ன தெரியும்? ஏரிக்கரைக் கிணற்றில் இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றதை நான் பார்த்திருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். எழுதிக்கொண்டோம்.

வாயை மூடிச் சிரித்த பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவளுடைய அத்தை மகள். ஒரே வயது, ஒரே கேழ்வரகுக் களி, ஒரே பற்பொடி. அவளுக்குப் பல் வெள்ளை. அவள் பாட்டி வீட்டில் வளர்ந்தவள். குடித்தது அந்த ஏரிக்கரைக் கிணற்றுத் தண்ணீர். இவள் குடித்தது தெருமுனை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்.

பிறகு களச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தோம். தண்ணீரில் சிவப்பு மருந்தை விட வேண்டும்; ஃபுளோரைடு கூடக்கூட நிறம் மஞ்சளை நோக்கிப் போகும். தெருமுனைத் தண்ணீர் மஞ்சளானது. ஏரிக்கரைத் தண்ணீர் பெரிதாக மாறவில்லை. உடனே பிள்ளைகள், திறந்த கிணறு நல்லது, போர் கெட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அடுத்த வாரம் இன்னொரு திறந்த கிணறும் மஞ்சளைக் காட்டியது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். பாடம் அங்கேதான் தொடங்கியது.

போர் போட்டபோது வெளியே கொட்டிய பாறைத்தூள் இன்னும் குவியலாகக் கிடந்தது. அள்ளி வெயிலில் பார்த்தோம். கறுப்பாகத் தகடு தகடாக மின்னியது காக்காப்பொன். அந்தக் கறுப்புக் காக்காப்பொன்னிலும், கருங்கல்லில் இருக்கும் வேறு சில கனிமங்களிலும் ஃபுளோரைடு உண்டு. நம் ஊரில் பலரும் பூமிக்கு அடியில் ஆறு ஓடுவதாக நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பாறையில் ஆறு இல்லை. மேலே மக்கிய பாறை, அதற்குக் கீழே கெட்டிப் பாறையில் வெடிப்புகள். தண்ணீர் இருப்பது இவற்றில்தான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அந்த நீர் வெடிப்புகளில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பொதுவாக, ஆழத்தில் நெடுநாள் தங்கிய நீரில் கரைந்தது அதிகம். மழையால் அடிக்கடி புதுப்பிக்கப்படும் மேல்மட்ட நீரில் குறைவு.

மீண்டும் சொம்புக்கு வருகிறேன். அதில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று நாக்குக்குத் தெரியாது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த உப்புத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் கரைந்து நிற்பதில்லை. பருப்பு நன்றாக வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும், வாய்க்கு ருசியான தண்ணீரில்தான் அது கூடுதலாக இருக்கவும் கூடும். கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் ஏறும். தாய்மார்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்: கொதிக்கவைத்தாலும் போகாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரு குடத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு சிட்டிகை உப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அவ்வளவு சிறிய அளவு தாண்டினால் பல்லில் தெரிகிறது. மிகவும் தாண்டினால், ஆண்டுகள் செல்ல எலும்பிலும் மூட்டிலும் தெரிகிறது.

இது புதிய செய்தியும் அல்ல. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோய் இருப்பதை 1937இலேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்பீர்கள். கறை போகவில்லை; துலக்கித் தேய்த்துப் போக்க முடியாது என்பதை நான் அவளிடம் மறைக்கவில்லை. அவளுக்கு இரண்டு வயதில் ஒரு தம்பி இருந்தான். அந்தச் சோதனைக்குப் பிறகு தினமும் பள்ளி விட்டதும் ஏரிக்கரைக் கிணற்றுக்கு நடந்து, அவனுக்கென்று ஒரு குடம் தனியாகக் கொண்டுபோனாள். ஆண்டு முடியும் வரை நான் பார்த்தேன்.

மண்ணைப் பற்றி விரிவாகப் பேசத்தான் குறிப்பு எழுதி வந்தேன். கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. அதனால் ஒரு சோதனை மட்டும். ஆசிரியர்கள் வகுப்பில் செய்யலாம், பிள்ளைகள் வீட்டில் செய்யலாம். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் தோட்டத்து மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி ஜன்னலோரம் அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களிமண் மறுநாளும் கலங்கலாக நிற்கும். எந்தப் படிவு எத்தனை விரல் கனம் என்று அளந்தால், உங்கள் நிலத்தில் மழைநீர் விரைவாக இறங்குமா, தேங்குமா என்று ஓரளவு தெரியும்.

அந்தக் கலங்கலில் ஒரு சிட்டிகை படிகாரம் போட்டுப் பாருங்கள். நம் பாட்டிமார் செய்ததுதான். ஃபுளோரைடைக் குறைக்கும் நல்கொண்டா முறையிலும் சேர்ப்பது இதே படிகாரத்தையும் சுண்ணாம்பையும்தான். அங்கே அளவு முக்கியம், அதை வீட்டில் கண்ணளவில் செய்ய வேண்டாம். பாட்டிலில் மட்டும் போட்டு, கலங்கல் தெளிய எவ்வளவு நேரமாகிறது என்று குறித்து வையுங்கள்.

வணக்கம்.