பெர்பெத்துவா சிறையிலேயே சாட்சி சொல்லிவிட்டார்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

உரோமைப் பேரரசுக் காலத்தில், கிறிஸ்தவ நம்பிக்கையைக் கைவிட மறுத்ததால் கொல்லப்பட்டவர் புனித பெர்பெத்துவா. அவருடைய பெருமை மாண்ட விதத்திலா, வாழ்ந்த விதத்திலா என்பது கேள்வி. வாழ்ந்த விதத்தில்தான் என்பது என் வாதம். எதிரணி நண்பர் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்து அரங்கை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினார். 203ஆம் ஆண்டு மார்ச் 7. முட்டித் தூக்கியெறிந்த மூர்க்கப் பசு. கை நடுங்கிய இளம் வாள்வீரனின் கையைப் பிடித்து வாளைத் தன் கழுத்துக்குத் தானே கொண்டுபோன பெர்பெத்துவா. கேட்கும்போது எனக்கும் நெஞ்சு அடைத்தது. ஆனால், நண்பரே, அந்தக் காட்சியை எழுதியவர் வேறொருவர். பெர்பெத்துவா தன் கைப்பட எழுதியதெல்லாம் சிறை நாள்களைப் பற்றித்தான்.

அதில் என்ன இருக்கிறது? பால் இருக்கிறது, நடுவர் அவர்களே! அவருக்கு ஏறக்குறைய 22 வயது. நல்ல குடும்பத்துப் பெண், படித்தவர், கைக்குழந்தைக்காரி. இருட்டறையில் தள்ளப்பட்டவரை அந்த இருட்டும் புழுக்கமும் காவலர்களின் கெடுபிடியும் வாட்டின. எல்லாவற்றையும்விடப் பிள்ளையைப் பற்றிய கவலைதான் அவரை அரித்தது. தெர்சியுஸ், பொம்போனியுஸ் என்ற இரு திருத்தொண்டர்கள், அதாவது திருச்சபைப் பணியாளர்கள், காவலர்களுக்குப் பணம் கொடுத்து, சில மணி நேரம் நல்ல இடத்தில் இருக்க ஏற்பாடு செய்தார்கள். பசியில் துவண்டிருந்த பிள்ளைக்கு அங்கேதான் பாலூட்டினார். பிறகு பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும், சிறையே தனக்கு அரண்மனை ஆகிவிட்டது என்று எழுதினார். சாவதற்குத் துடித்த பெண்ணின் எழுத்தா இது?

அடுத்து அவருடைய தந்தை. முதல் முறை வந்தபோது, அங்கிருந்த ஒரு பாத்திரத்தைக் காட்டி, "இதை வேறு பெயரால் அழைக்க முடியுமா? அப்படித்தான் நானும் கிறிஸ்தவள் அல்லாத வேறொன்றாக என்னைச் சொல்ல முடியாது" என்றார் மகள். தந்தை கண்ணைப் பிடுங்குவதுபோல் பாய்ந்தார். மறுமுறை வந்தவர் கையை முத்தமிட்டார், காலில் விழுந்தார், மகளே என்று அழைக்காமல் "அம்மணி" என்றார். பெற்றவர் காலில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எத்தனை பேரால் முடியும்? விசாரணையில் ஆளுநர் பொறுப்பிலிருந்த ஹிலாரியானுஸ், பேரரசர்களின் நலத்துக்காகப் பலியிடச் சொன்னார். "மாட்டேன்" என்றார் பெர்பெத்துவா. இடையில் புகுந்து மகளைத் தடுக்கப் பார்த்த தந்தையைப் பிரம்பால் அடித்தார்கள். அந்த அடி தன் மேலேயே விழுந்ததுபோல் வலித்தது என்று எழுதுகிறார். உறவை அறுத்து எறிந்துவிட்டுப் போனவர் அல்லர் அவர். நெஞ்சு நிறைய அன்பை வைத்துக்கொண்டே, ஒரு பொய்யை மட்டும் சொல்ல மறுத்தார். வாள் வெட்டு ஒரு கண நேரம். இந்த மறுப்பையோ அவர் வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

பெர்பெத்துவாவோடு சிறையிலிருந்த அடிமைப் பெண் பெலிசித்தா எட்டாம் மாதத்திலேயே சிறையில் பெண் குழந்தையைப் பெற்றார். வலியில் கதறியவரைப் பார்த்து, அரங்கில் காட்டு விலங்குகள் முன் என்ன செய்வாய் என்று ஏளனம் செய்தான் ஒரு காவலன். "இப்போது படுவதை நான் படுகிறேன். அங்கே எனக்குள் இன்னொருவர் இருந்து எனக்காகப் படுவார்" என்றார். இந்தச் சொல் பிறந்தது அரங்கிலா? பிரசவ வலியில்!

சாவுதான் அவர்களைப் புனிதராக்கியது என்றார் நண்பர். செக்குந்துலுஸ் என்றொருவர் இதே குழுவில் இருந்தார். அரங்கைப் பார்க்காமலே சிறையில் இறந்துபோனார். திருச்சபை அவரையும், நம்பிக்கைக்காக உயிர் கொடுத்த மறைசாட்சிகளோடுதான் சேர்த்து எண்ணுகிறது. இதற்கு எதிரணியின் பதில் என்ன?

என் கடைசிச் சான்று பெர்பெத்துவாவே. அரங்க விளையாட்டுக்கு முந்திய நாள்வரை நடந்ததை எழுதிவிட்டு, அரங்கில் நடக்கப்போவதை விரும்புகிறவர் எழுதிக்கொள்ளட்டும் என்று நிறுத்திவிட்டார். நண்பர் கொண்டாடும் அந்த நாளை அவர் பிறர் கைக்கு விட்டார். பிள்ளையின் பசியையும் தந்தையின் நரையையும் தன் கையால் எழுதி வைத்தார். தீர்ப்பு எழுதுமுன் அந்தக் கையெழுத்தைக் கணக்கில் கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. நன்றி.