மெனேஜரிடம் சொல்வதா, வேண்டாமா?

வணக்கம். கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து ரேடியோவைப் போட்டவர்களுக்கும், பஸ்ஸில் டிரைவரின் புண்ணியத்தில் கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். வேலைத்தளம் பற்றி எது வேண்டுமானாலும் பேசுங்கள் என்றார்கள். சம்பளம், ஈபிஎஃப், லீவு பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வேறொன்று பேச வந்தேன். ஓர் ஆண், தனக்கு ஆண்கள் மீதுதான் விருப்பம் என்பதை மேலதிகாரியிடம் சொல்வது. அவசரப்பட்டு ரேடியோவை நிறுத்திவிடாதீர்கள். நானும் அப்படிப்பட்ட ஆள்தான். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, ஹட்டன் டவுனில் ஒரு கம்பனியில் வருடக்கணக்காக வேலை பார்த்தவன்.

"அது உன் சொந்த விஷயம், மெனேஜருக்கு எதற்கு?" என்று கேட்பார்கள். சொந்த விஷயம் பேசாத கந்தோர் எங்கே இருக்கிறது? ஒருவர் கல்யாணப் படத்தை மேசையில் வைத்திருப்பார். இன்னொருவர் பிள்ளை பிறந்ததற்குக் கேக் கொண்டு வருவார். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வீட்டுக்கதைதான் பேசுவார்கள். நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமை எங்கே போனேன், யாரோடு போனேன் என்பதை யோசித்து யோசித்துப் பேசவேண்டும். களைப்பு வேலையால் வந்ததல்ல, அந்த யோசனையால் வந்தது.

என் மெனேஜர் பதுளைப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷன். ஆனால் ஒரு பழக்கம், கந்தோரில் கல்யாணமாகாத பையன் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. லாச்சியில் சாதகக் குறிப்பு, சட்டைப்பையில் போட்டோ. "தம்பி, பண்டாரவளையில ஒரு பிள்ளை இருக்கு, டீச்சர், நம்ம ஆட்கள்தான்" என்று டீ நேரத்தில் ஆரம்பிப்பார். நான் முதலில் தங்கச்சிக்கு முடியட்டும் என்றேன். தங்கச்சிக்கு முடிந்தது. வீட்டுக்கடன் என்றேன். கடனும் முடிந்தது. அப்புறம் சனி தோஷம் என்று ஒன்றைச் சொன்னேன். அதற்கும் அவர் ஒரு பரிகாரம் கண்டுபிடித்து, மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகத் தயாராகிவிட்டார். வான் வரைக்கும் பேசி வைத்துவிட்டார்! பொய் தீர்ந்து போனால் மனுஷன் உண்மைக்குத்தான் வரவேண்டும்.

மாதக் கணக்கு முடித்த ஒரு சாயங்காலம், மற்றவர்கள் போன பிறகு சொன்னேன். "சேர், எனக்குப் பொண்ணு பார்க்க வேணாம். எனக்கு ஆம்பிளைங்க மேலதான் விருப்பம். சின்ன வயசுல இருந்தே இப்படித்தான். இனி மாறாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "டொக்டர்கிட்ட காட்டினியா?" என்றார். திட்டவில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார். உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டிலேயே இதை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது என்பதைச் சொன்னேன். "அப்படியா" என்றார். பிறகு, "வீட்டுல தெரியுமா?" தெரியாது என்றேன். "சரி. எங்கிட்ட இருந்து போகாது" என்றார். போகவுமில்லை. போட்டோ வருவது நின்றது. ஆனால் அந்தத் தீபாவளிக்கு வழக்கமாக வரும் சாப்பாட்டு அழைப்பும் வரவில்லை. அதற்கு அடுத்த தீபாவளிக்கு வந்தது. அவருக்கும் காலம் வேண்டியிருந்தது, அதை நான் குற்றமாக எடுக்கவில்லை. இடைப்பட்ட நாளில் அந்தப் பண்டாரவளை டீச்சரை எங்கள் காசாளருக்குக் கட்டி வைத்துவிட்டார் என்பது வேறு கதை.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே எல்லோரும் போய்ச் சொல்லுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. என்னால் சொல்ல முடிந்ததற்குக் காரணம் தைரியம் மட்டுமல்ல. நான் டவுனில் சொந்தக் காசில் வாடகை கொடுத்து அறை எடுத்திருந்தேன். மெனேஜர் வேலையைப் பறித்தாலும் கூரையைப் பறிக்க முடியாது. தோட்டத்தில் அப்படியா? ஸ்டாப் குவாட்டர்ஸும் தோட்டத்துடையது, லயமும் தோட்டத்துடையது. 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறோம். அங்கே துரையிடம், அதாவது தோட்டத்து மெனேஜரிடம் சொல்வது வீட்டுச் சொந்தக்காரரிடமும் சேர்த்துச் சொல்வதுதான். எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஒரு தோட்டத்து ஃபெக்டரியில் வேலை பார்த்தவன், நம்பிச் சொன்னான். வேலையிலிருந்து யாரும் நிறுத்தவில்லை. "குவாட்டர்ஸ் வேறு ஆளுக்குத் தேவைப்படுகிறது" என்றார்கள், அவ்வளவுதான். அவனோடு அவன் அம்மாவும் பெட்டி கட்டினாள்.

ஆகவே முதல் கேள்வி, வீடு யார் கையில்? மறுபடியும் சொல்கிறேன், மெனேஜர் நல்லவரா கெட்டவரா என்பது அதற்குப் பிறகுதான். இன்னொன்று, கதை எவ்வளவு வேகமாக ஓடும் என்று பாருங்கள். லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் இருந்து சுடுதண்ணீர் வரும். அது பாசம்தான். அதே பாசத்தில்தான் கதையும் போகும்.

சட்டத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஆணும் ஆணும் சேர்வதைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள், வெள்ளைக்காரன் 1883இல் போட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ளவை. இந்தியாவிலும் அவன் போட்ட இதே மாதிரிச் சட்டம் இருந்தது. அங்கே உச்ச நீதிமன்றம் 2018இல், சம்மதத்தோடு சேரும் வயது வந்தவர்களை அதிலிருந்து விடுவித்துவிட்டது. இங்கே நீக்குவதற்கு ஒரு தனிநபர் மசோதா வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் நம் நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அந்த மசோதா நிறைவேறவில்லை. ஒன்றை மட்டும் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தப் பிரிவுகள் செயலைப் பற்றியவை. "நான் இப்படிப்பட்டவன்" என்று ஒருவரிடம் சொல்வது குற்றமில்லை. அதைக் காட்டி யாராவது மிரட்டினால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு எதையும் கொடுத்துவிடாதீர்கள். முக்கியமாக, ராஜினாமாக் கடிதம்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தான் இருக்கிறது. மெனேஜர்மாருக்கு என்று ஒரு பக்கம் எழுதி வந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். யாராவது உங்களிடம் சொன்னால், "வேறு யாருக்குத் தெரியும்" என்று முதலில் கேளுங்கள். அந்த ஆட்களைத் தாண்டி அது போகக்கூடாது, உங்கள் வீட்டம்மாவுக்கும்தான். டொக்டர் விலாசம் கொடுக்காதீர்கள். மறுநாள் காலையில் அவனுக்கு அதே வேலையைக் கொடுங்கள்.

பெண்களைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. 1995இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு 365அ அவர்களையும் பிடிக்கும். மலையில் கங்காணியிடமோ ஃபெக்டரியில் மேற்பார்வையாளரிடமோ ஒரு பெண் இதைச் சொல்வது என்னுடைய கதையை விட மிகவும் கஷ்டம். அதை என் வாயால் அரை நிமிஷத்தில் சொல்வதை விட, அடுத்த முறை ஒரு பெண்ணையே கூப்பிடுங்கள். நன்றி, வணக்கம்.